ஐப்பசியில் உறைபனி

படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்
ஒன்றரை அங்குலம்.
அதற்குள் அடங்கும்படி எழுதச் சொன்னார்கள்.

கோத்தகிரிக்கு மேற்கே ஒரு கிழங்குக் காட்டில்
மரச்சட்டமும் துணியும் பசையுமாய்
மூக்குக் குத்திக் கிடந்தது அது.
கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்குத் தபால் ஏற்றிவந்த
இரண்டாவது நடை.
முதல் நடைக்குக் குதிரைப் பந்தய மைதானத்தில்
பேண்டு வாசித்தார்கள்.

விசாரணைக்கு மூன்று துரைகள்.
சாட்சி சொல்லப் படகர்கள் ஐந்து பேர்.
நடுவில் நான்,
குன்னூர்க் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளன்,
சம்பளம் முப்பத்தைந்து ரூபாய்.

முதலில் உயரம் காட்டும் முள்ளைப் பார்த்தார்கள்.
உண்மையில் அதற்கு உயரம் தெரியாது,
காற்றின் கனம் மட்டும்தான் தெரியும்.
நாகப்பட்டினத்துக் கடலில் புயல் திரண்டிருக்க,
இங்கே காற்று இளைத்திருந்தது.
இளைப்பை உயரம் என்று நம்பி
முந்நூறு அடி கூட்டிச் சொல்லியிருக்கிறது முள்.

பிறகு துணியை விரலால் சுண்டினார்கள்.
பசையை முகர்ந்தார்கள்:
பாலைத் திரித்துச் செய்தது, மழைக்காலத்தில் விட்டுக்கொடுக்கும்.
பெட்ரோலை மான்தோலில் வடிகட்டினாயா என்றார்கள்.
மெக்கானிக் டிமெல்லோ
மாதாவின் மேல் சத்தியம் செய்தான்.

ஜோகி சொன்னான்:
“மேகத்துக்குள்ளே அது இருமிச்சு.
அடங்கிச்சு. மறுபடி இருமிச்சு.
எங்க எருமை சாகறதுக்கு முன்னே அப்படித்தான்.”
எருமையை விட்டுவிட்டு எழுதினேன்.

கடைசி சாட்சி கெங்கி.
கொத்தும் கையுமாக முதலில் ஓடிப்போனவள்.
தோல்பட்டியில் துரை தொங்கினார், மூச்சில்லை என்றாள்.
கொஞ்சம் நிறுத்தி,
“அந்த வளைஞ்ச குழாய் மேலே உறைபனி இருந்துச்சு.
தொட்டேன். விரல் ஒட்டிக்கிச்சு.”

உறைபனி. ஐப்பசியில். பட்டப்பகலில்.
அதுவும் நெருப்பைத் தின்று ஓடும் இயந்திரத்தின் மேல்.
நான் சொல்லி முடிக்குமுன் துரைகள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
போன தையில் பனி விழுந்து கிழங்கு கருகியது,
அந்தத் துக்கத்தில் குழப்பிக்கொள்கிறாள் என்று
கேட்காமலே விளக்கமும் கொடுத்தேன்.
அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டேன்,
அடிமட்டம் வைத்து, நேராக.

கட்டத்துக்குள் எழுதியது:
விமானியின் பிழை.
இடம் மிச்சம் இருந்தது.

பன்னிரண்டு வருஷம் கழித்து
யுத்தகாலத்தில் சூலூர் விமானத் தளத்தில்
எனக்கு ஸ்டோர் கணக்கு.
பரமேட்டி என்று ஒரு ஃபிட்டர் பையன்
சின்ன நெம்புகோல் ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.
எதற்கு என்றேன், சும்மா.
“காப்ரேட்டருக்குச் சூடு காட்ட, சார்.
ஈரக் காத்தை உறிஞ்சுறப்போ உள்ளே பனி கட்டும்.
தொண்டை அடைச்சுக்கும்.”
“வெயில் நாளிலா?”
“வெயில் நாள்ல சொன்னா யாரும் நம்பமாட்டாங்க.
விழுந்தப்புறம் போய்ப் பார்த்தா
உருகிப் போயிருக்கும்.”

அன்று ஸ்பார்க் பிளக்குகளை
மூன்று முறை தப்பாகக் கூட்டினேன்.

கார்மைக்கேல் துரையின் அம்மாவுக்கு
அந்த இரண்டு சொல் கப்பலில் போயிருக்கும்,
டைப் அடித்து, முத்திரையோடு.
சென்னைக்கு எழுதினேன்.
பத்து வருஷம் தாண்டிய கோப்புகள்
விதிப்படி எரிக்கப்பட்டன என்று பதில் வந்தது.
காரணம் கேட்கவில்லை அவர்கள்.

லீவு போட்டுக் கோத்தகிரிக்கு ஏறினேன்.
கெங்கி கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள்,
பின்னால் சரிவு முழுக்கத் தேயிலை வந்துவிட்டிருந்தது.
நீ அன்று சொன்னது சரி என்றேன்.
நிமிர்ந்தாள்.
என் தலைப்பாகையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள்.
“எது?” என்றாள்.

மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது.
கடைசி பஸ் நாலரைக்கு.